அறமற்ற வாசிப்பு

ஐடெக்ஸ்ட் என்று ஒரு புரோகிராம் தொகுப்பு. பெல்ஜியத்துக்காரரான புரூனோ லோவாகி தொடங்கியது. முதல் வெளியீடு 2000-இல். பி.டி.எஃப். ஆவணங்களை உண்டாக்கவோ படிக்கவோ திருத்தவோ வேண்டியிருக்கும் மற்ற புரோகிராம்கள் அந்த வேலையைத் தாங்களே செய்யாமல் இதனிடம் ஒப்படைத்துவிடும். இப்படிப் பிற புரோகிராம்களுக்கு ஊழியம் செய்வதற்காகவே எழுதப்படுகிற தொகுப்பை அந்தத் தொழிலில் லைப்ரரி என்கிறார்கள். இந்த லைப்ரரிக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘அறமற்ற வாசிப்பு’. சாதாரணமாக அது ‘இல்லை’ என்ற நிலையில் இருக்கும். பூட்டிய ஆவணம் ஒன்றை அதன் சொந்தக்காரருடைய பாஸ்வேர்ட் இல்லாமல் எடுத்துக் கையாள வேண்டுமென்றால், புரோகிராம் எழுதுபவன் ‘அறமற்ற வாசிப்பு: ஆம்’ என்று தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும். எழுதினால் வேலை நடக்கிறது. வேறு சாவி எதையும் அது கேட்பதில்லை.

வாசிப்பைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. மேம்போக்கான வாசிப்பு, தப்பான வாசிப்பு, கட்சி வாசிப்பு, பல்கலைக்கழக வாசிப்பு என்று நாம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு வாசிப்பை, அது நடப்பதற்கு முன்பாகவே, யார் எதற்காக வாசிக்கிறான் என்று தெரியாமலே, அறமற்றது என்று பெயரிட நமக்குத் தைரியம் வந்ததில்லை. ஒரு எஞ்சினியருக்கு வந்திருக்கிறது. அவரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான லைப்ரரிகள் இந்தப் பிரச்னை இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. இவர் குறைந்தபட்சம் அதற்கு ஒரு பெயர் கொடுத்துக் கதவில் ஒட்டியிருக்கிறார். அந்தப் பெயர் நியாயமானதா என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, பூட்டைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பி.டி.எஃப். வடிவத்தை அடோபி கம்பெனி 1993-இல் வெளியிட்டது. பூட்டும் வசதியும் சீக்கிரமே சேர்ந்துவிட்டது. ஒரு ஆவணத்துக்கு இரண்டு பாஸ்வேர்டுகள் வைக்கலாம். ஒன்று வாசகனுக்கு, அது இல்லாமல் திறக்காது. மற்றது சொந்தக்காரருக்கு, அதைக் கொடுத்தவர் எதையும் செய்யலாம். முதலாவதைக் காலியாக விட்டு இரண்டாவதை மட்டும் வைப்பதற்கும் வழி உண்டு. நம் கைக்கு வரும் பூட்டிய ஆவணங்களில் பல இந்த ரகம்தான். யாரும் திறந்து படிக்கலாம்; அச்செடுக்காதே, பிரதியெடுக்காதே, திருத்தாதே, ஓரத்தில் குறிப்பெழுதாதே என்ற தடைகள் மட்டும் கூடவே வரும்.

பாஸ்வேர்ட் காலியாக இருந்தால் சங்கேதத்தின் சாவி எங்கிருந்து வருகிறது? நெடுங்காலம் வழக்கத்திலிருந்த முறையில், காலியிடத்தை நிரப்ப 32 பைட் நீளமுள்ள ஒரு நிலையான சரம் இருந்தது. உலகத்திலுள்ள எல்லா ஆவணங்களுக்கும் அது ஒன்றேதான். ரகசியமும் கிடையாது, அடோபி வெளியிட்ட கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. சாவியைக் கணக்கிடத் தேவையான மற்ற எண்களோ அந்த ஃபைலுக்குள்ளேயே வெளிப்படையாகக் கிடக்கின்றன. ஆக, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டு, ‘உள்ளே வரலாம், எதையும் எடுத்துப்போகக் கூடாது’ என்று பக்கத்தில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறது. அட்டையை மதிக்க வைப்பதற்கு இந்த வடிவத்துக்குள் எந்த வழியும் இல்லை என்பதைக் கையேடே ஒப்புக்கொள்கிறது. ஆவணம் திறந்த பிறகு உள்ளடக்கம் முழுவதும் வாசிக்கிற புரோகிராமின் கையில் இருக்கிறது. ஆக்கியவருடைய விருப்பத்தை அந்தப் புரோகிராமை எழுதியவர்கள்தான் மதித்து நடக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொள்கிறது.

அந்த அட்டை என்பது ஸ்தூலமாக ஒரு எண்தான். 32 பிட் எண். சில குறிப்பிட்ட பிட்டுகளுக்கு ஒவ்வொரு அனுமதி. எண்ணைத் திருத்திவிட்டால் போகிறது என்று தோன்றும். முடியாது. அந்த எண்ணும் சாவியின் கணக்கில் கலக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் சாவி மாறும், பக்கங்கள் குப்பையாகிவிடும். கட்டளையை மீறலாம், ஆனால் அதை அழித்து எழுத முடியாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு மனிதர்களை ஓரளவு தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

லைப்ரரிகள் இந்த அட்டையை நடத்துகிற விதம் பலவகை. ஐடெக்ஸ்ட் சுவிட்ச் வைத்திருக்கிறது. ஆக்குலர் என்ற வாசிப்புப் புரோகிராமில் தடைகளுக்குக் கட்டுப்படுவதா வேண்டாமா என்று வாசகனே டிக் போட்டுக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கிறது. க்யூபிடிஎஃப் அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடும். திறக்க முடிகிற ஆவணத்தைப் பூட்டில்லாத ஆவணமாகவே எழுதிக் கொடுத்துவிடும். ஒரே கட்டளைக்கு இத்தனை விதமான கீழ்ப்படிதல்.

இங்கே வார்த்தைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சங்கேதம், பூட்டு, பாதுகாப்பு என்று ஒரே மூச்சில் பேசப்படுகிறவற்றுக்குள் வெவ்வேறு ஜாதி விஷயங்கள் இருக்கின்றன. நான் வங்கியில் குமாஸ்தா. மாதாமாதம் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் போகிற கணக்கறிக்கை பூட்டித்தான் போகிறது. ‘தம்பி, இது தொறக்கவே மாட்டேங்குது’ என்று போனை நீட்டுகிற பெரியவரிடம், ‘ஒங்க பொறந்த தேதியப் போடுங்கய்யா’ என்கிறேன். சர்ட்டிபிகேட்டில் உள்ள தேதியா, நிஜத் தேதியா என்று கேட்கிறார். நம் தலைமுறைக்கு முந்தியவர்களுக்கு அது நியாயமான சந்தேகம். சர்ட்டிபிகேட்டில் உள்ளதைப் போட்டதும் திறக்கிறது. ஆதார் ஆவணத்துக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடு, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும். பூட்டு என்ற அளவில் இவையெல்லாம் சல்லிசானவை, பேரன் ஊகித்துவிடுவான். ஆனாலும் இந்தப் பூட்டின் அறம் குழப்பமில்லாதது. அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர், இடையில் எட்டிப் பார்க்கக்கூடிய மூன்றாமவர் ஒருவர். பூட்டு மூன்றாமவருக்கு எதிரானது. சாவி பெறுகிறவருடையது, அவர் பிறந்த நாளே சாவி.

காலி பாஸ்வேர்ட் ஆவணத்தில் மூன்றாமவர் இல்லை. பெறுகிறவனேதான் மூன்றாமவன். சாவியை அவன் கையில் கொடுத்தவரே அவனுக்கு எதிராகப் பூட்டியிருக்கிறார். இந்த அபத்தத்தை இந்தத் துறையில் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எனக்குப் புரிவது வங்கி லாக்கரை வைத்துத்தான். லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், வங்கியுடையது ஒன்று, வாடிக்கையாளருடையது ஒன்று. அதிகாரி தன் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு வெளியே போய்விடுவார். உள்ளே இருப்பது நகையா, பத்திரமா, பழைய காதல் கடிதமா என்று அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதும் மரபு. இந்த ஆவணப் பூட்டில் அதிகாரி வெளியே போவதில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘பாருங்கள், தொடாதீர்கள்’ என்கிறார். லைப்ரரி எழுதுகிறவனிடம் கேட்கப்படுவது அந்த அதிகாரியின் உத்தியோகத்தைத்தான்.

நம் வட்டத்தில் இதற்கு எழக்கூடிய ஆட்சேபம் தெரிந்ததே. ஒரு கவிஞன் தன் கவிதையை எடுத்துப் போடாதே என்று கேட்டுக்கொள்கிறான். அதை மதிப்பது நாகரிகம் இல்லையா? அனுமதி கேட்காமல் எடுத்துப் போட்டு, இரண்டு வரியை விழுங்கி, பெயரையும் தப்பாகப் போடும் தொகுப்பாசிரியர்களை நாம் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறோம். கவிஞனின் வேண்டுகோளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்தைவிட அதுவே எனக்குப் பெரியது. ஆனால் வேண்டுகோள் என்பது கேட்கத் தெரிந்த ஒருவரிடம் வைக்கப்படுவது. கேட்டவன் இணங்கலாம், மறுக்கலாம், ‘இதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள்’ என்று திருப்பிக் கேட்கலாம். மறுக்கச் சாத்தியம் இருப்பதால்தான் இணங்குவதற்கு மதிப்பு. பிட் ஒன்றுக்கு இதெல்லாம் தெரியாது. வந்திருப்பவன் தொகுப்பாசிரியனா, கண் தெரியாத வாசகனா, பத்து வருஷம் கழித்து ஒரு மேற்கோளைச் சரிபார்க்கிற ஆய்வாளனா என்று அதற்குக் கவலையில்லை.

கண் தெரியாத வாசகன் என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஆரம்ப கால அமைப்பில், 40 பிட் சாவி இருந்த நாட்களில், பிரதியெடுக்காதே என்ற அந்த ஒரே பிட் உரையை வெளியே எடுப்பதை முழுக்கத் தடுத்தது. திரையில் உள்ளதைக் குரலாக மாற்றித் தரும் கருவிக்கும் அந்த உரைதான் வேண்டும். ஆகவே திருட்டைத் தடுக்க மாட்டிய அட்டை குருடனையும் வாசலிலேயே நிறுத்தியது. திருடனுக்கு வேறு வழி இருந்தது, இவனுக்கு இல்லை. 2001-இல் வந்த பி.டி.எஃப். 1.4 அமைப்பில் இந்தக் காரியத்துக்கென்று தனியாக ஒரு பிட் ஒதுக்கினார்கள். அதையும் தடுக்கலாம், அனுமதிக்கலாம். 2017-இல் வந்த பி.டி.எஃப். 2.0 சர்வதேசத் தரநிர்ணயம் அந்தப் பிட்டை ஒழித்தேவிட்டது. அது என்ன சொன்னாலும் வாசிக்கும் புரோகிராம் பொருட்படுத்தக் கூடாது என்று ஆகியிருக்கிறது. கவனியுங்கள்: 2016-இல் ஒரு லைப்ரரி அந்தப் பிட்டை மீறியிருந்தால் அது தரத்தை மீறிய செயல். மறு வருஷத்திலிருந்து அதற்குக் கீழ்ப்படிவதுதான் தரத்தை மீறுவது. இடையில் அறம் மாறிவிட்டதா? முன்பே மீறியவர்கள் சரியாகத்தான் படித்திருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

லாரன்ஸ் லெஸ்ஸிக் 2004-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். அடோபியின் மின்புத்தக வடிவில் வந்த ‘ஆலிஸின் அற்புத உலக’த்தில், பிரதியெடுக்க அனுமதியில்லை, அச்செடுக்க அனுமதியில்லை என்ற பட்டியலோடு, உரக்க வாசிக்கவும் அனுமதியில்லை என்று போட்டிருந்தது. 1865-இல் வெளிவந்து, யாருடைய சொத்தாகவும் இல்லாமல் போய்விட்ட புத்தகம். குழந்தைக்குப் படித்துக் காட்டுவதைத் தடுக்கவில்லை, கம்ப்யூட்டர் குரலை மட்டுமே அப்படிக் குறிப்பிட்டோம் என்பது கம்பெனியின் விளக்கம். விளக்கம் உண்மைதான். கட்டளையை ஒரு எந்திரத்துக்கென்று எழுதி மனிதனின் கண்ணெதிரே வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இதுவரை பேசியது வெளிப்படையான பூட்டு. கையேட்டில் அதன் அமைப்பு முழுவதும் இருக்கிறது. யாரும் படித்து லைப்ரரி எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அதே கையேடு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. விரும்பியவர் தன் சொந்தப் பூட்டைச் செய்து பொருத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பூட்டின் பெயரை மட்டும் ஃபைலுக்குள் வெளிப்படையாக எழுத வேண்டும். ஃபைல்ஓப்பன் என்ற கம்பெனி இந்த வகைப் பூட்டு செய்வது. தொழில்துறைத் தரநிர்ணய ஆவணங்களை விற்கிறவர்கள் சிலர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடோபியின் மின்புத்தகங்களுக்கும் இப்படித் தனிப் பூட்டு உண்டு. லைப்ரரி ஃபைலைத் திறக்கிறது, பூட்டின் பெயரைப் படிக்கிறது. தனக்குத் தெரிந்த பொதுப் பூட்டு என்றால் மேலே போகிறது. இல்லையென்றால் ‘இந்தப் பூட்டுக்கு ஆதரவில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. பழைய அமைப்பில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொற்களும் படங்களும்தான் சங்கேதத்தில் இருக்கும், எலும்புக்கூடு வெளியே தெரியும். எத்தனை பக்கம், தாளின் நீளம் அகலம் என்ன என்றெல்லாம் லைப்ரரியால் சொல்ல முடியும். ஒரு வார்த்தை படிக்க முடியாது. (நம் விமர்சகர்கள் சிலரின் நிலையும் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.)

‘ஆதரவு’ என்ற இந்தச் சொல் யோசிக்கத் தக்கது. ஒரு லைப்ரரி ஒரு பூட்டை ஆதரிக்கிறது என்றால், அதைத் திறக்கத் தெரியும் என்று அர்த்தம். பூட்டின் சொந்தக்காரருக்கு அர்த்தம் வேறு. தான் சொல்கிறவருக்குத் திறந்து, மற்றவர்களுக்கு மூடிவைத்து, திறந்தவன் என்ன செய்கிறான் என்று கண்காணிப்பதுதான் அவருக்கு ஆதரவு. மூலநிரலை ஊரறிய வெளியிடுகிற லைப்ரரியால் முதல் ஆதரவைத் தர முடியும், இரண்டாவதை ஒருநாளும் தர முடியாது. மூடிவைக்கிற வரி எது என்று எல்லோருக்கும் தெரியும்; யாரும் அதை நீக்கிவிட்டு ஓட்டலாம். அதனால் இந்தப் பூட்டுக்காரர்கள் தங்கள் ரகசியத்தைத் திறந்த லைப்ரரிகளுக்குச் சொல்வதில்லை. ரகசியம், கழற்றிப் பார்க்க முடியாத தனிப் புரோகிராமில் அடைத்து வாசகனின் கம்ப்யூட்டருக்குள் அனுப்பப்படுகிறது. அங்கிருந்து அது கம்பெனியின் கம்ப்யூட்டரைத் தொடர்புகொண்டு இவன் வாசிக்கலாமா என்று கேட்கும். வீட்டுக்குள் குடிவந்து உட்கார்ந்துகொண்ட லாக்கர் அதிகாரி.

பூட்டின் அமைப்பை ரகசியமாக வைப்பது அதைப் பலப்படுத்துமா என்ற கேள்விக்கு 1883-லேயே பதில் சொல்லியாகிவிட்டது. அகஸ்ட் கெர்க்காஃப்ஸ், ஹாலந்தில் பிறந்து பாரிஸில் ஜெர்மன் மொழி கற்பித்தவர், ராணுவச் சங்கேதங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் இதை விதியாகவே வைத்தார். சங்கேத முறை எதிரியின் கையில் சிக்கினாலும் நஷ்டம் இருக்கக் கூடாது. ரகசியமாக இருக்க வேண்டியது சாவி மட்டுமே. இன்றுவரை இந்தத் துறையின் பாலபாடம் இது. எனக்கு இதைவிட சுவாரஸ்யமாகப் படுவது, அதே மனிதரின் இன்னொரு ஈடுபாடு. யோஹான் மார்ட்டின் ஷ்லையர் என்ற பாதிரியார் உலகம் முழுவதற்கும் பொதுவாக வோலப்யூக் என்று ஒரு செயற்கை மொழியைச் செய்திருந்தார். கெர்க்காஃப்ஸ் அதன் முக்கியப் பிரசாரகர்களில் ஒருவர். 1887-இல் அமைந்த அதன் அகாதமிக்குத் தலைவர். மொழி பரவியதும் தகராறு வந்தது. மொழியைச் சீர்திருத்த வேண்டும் என்றார்கள், யார் தீர்மானிப்பது? நான் செய்த மொழி, கடைசி வார்த்தை என்னுடையது என்றார் ஷ்லையர். பேசுகிறவர்கள் தீர்மானிக்கட்டும் என்பது எதிர்த் தரப்பு. 1889-இல் பாரிஸ் மாநாட்டில் அந்த மொழியிலேயே பேசி விவாதிக்கிற அளவுக்கு வளர்ந்திருந்த இயக்கம், அடுத்த சில வருஷங்களில் சிதறிப்போயிற்று. 1891-இல் கெர்க்காஃப்ஸ் விலகிவிட்டார். பூட்டின் அமைப்பு பொதுவில் இருக்க வேண்டும் என்று எழுதியவர், மொழிக்குச் சொந்தக்காரர் இருக்க முடியாது என்ற கட்சியில் நின்றது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆவண வடிவமும் ஒரு மொழிதான். எழுதியவருக்கு எழுதியதில் உரிமை உண்டு. எழுதியதைப் படிக்கும் முறைமேல் ஒருவர் சொந்தம் கொண்டாடுவது வேறு விஷயம்.

வேறு விஷயம் என்பதை 2001-இல் ஒரு இளைஞர் சிறைக்குப் போய்த் தெரிந்துகொண்டார். த்மித்ரி ஸ்க்ல்யாரவ், மாஸ்கோவில் ஆராய்ச்சி மாணவர், எல்காம்சாஃப்ட் கம்பெனி ஊழியர். அடோபி மின்புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர், அதைப் பூட்டில்லாத பி.டி.எஃப். ஆக மாற்றிக்கொள்ள உதவும் புரோகிராமை எழுதியவர். அவர் நாட்டில் அது குற்றமில்லை. லாஸ் வேகாஸில் நடந்த ஒரு மாநாட்டில், விற்பனையில் இருந்த ஆவணப் பூட்டுகள் எவ்வளவு பலவீனமானவை என்று பேசிவிட்டு ஊர் திரும்பும் வேளையில், ஜூலை 16 அன்று கைது செய்தார்கள். பூட்டை மீறும் கருவியைக் கொடுப்பதே குற்றம் என்கிற அமெரிக்காவின் 1998 சட்டம் காரணம். எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரே வாரத்தில் அடோபி அவரை விட்டுவிடச் சொல்லிவிட்டது. அரசாங்கம் உடனே விடவில்லை, ஆகஸ்ட் 6-இல்தான் ஜாமீன். 2002 டிசம்பரில் ஜூரி எல்காம்சாஃப்டைக் குற்றமற்றது என்று விடுவித்தது. அந்தப் பேச்சில் அவர் எடுத்துக்காட்டிய பூட்டுகளில் ஒன்றுக்கு எல்லா ஆவணங்களுக்கும் ஒரே சாவி. அந்தச் சாவி புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அமைப்பை மறைத்து வைத்ததால் கெர்க்காஃப்ஸ் சொன்ன பாலபாடத்தை வாங்கினவர்கள் சரிபார்க்க முடியவில்லை. மறைத்ததில் தப்பித்தது வாசகனிடமிருந்து ஆவணம் அல்ல, வாசகனிடமிருந்து பூட்டுக்காரரின் சோம்பேறித்தனம்.

காலத்தை யோசித்தால் விஷயம் இன்னும் மோசம். பூட்டுக் கம்பெனி கடையைக் கட்டினால் என்ன ஆகும்? மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் தன் மின்புத்தகக் கடையை மூடியது. ஜூலையில் வாங்கியவர்களின் புத்தகங்கள் போய்விட்டன. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். புத்தகங்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கணக்கில் சேர்த்தார்கள். ஓரக் குறிப்புகளுக்கு ஒரு விலை நிர்ணயமாகியிருப்பதை நம் விமர்சகர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம், இதுவரை நமக்கு யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. இது பெரிய கம்பெனி, பணம் கொடுத்தது. சிறிய பூட்டுக்காரன் போனால் மிஞ்சுவது சங்கேதக் குவியல். கரையான் அரித்த பத்திரிகையில் பாதி வாக்கியமாவது மிஞ்சும், ஊகித்துப் படித்துக்கொள்கிறோம். ஆவணக் காப்பகங்களுக்கென்று 2005-இல் பி.டி.எஃப்./ஏ என்ற தரநிர்ணயத்தை வகுத்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். அதில் எந்த வகைச் சங்கேதமும் கூடாது, தடை. நீடிக்க வேண்டிய ஆவணத்தைப் பூட்டாதே என்று பூட்டுச் செய்த துறையே சொல்கிறது.

லைப்ரரி எழுதுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் என் அபிப்பிராயம் இது. வெளிப்படையான பூட்டை முழுமையாகத் திறக்கத் தெரிந்துகொள்ளட்டும். பாஸ்வேர்ட் இல்லாதவனுக்குத் திறக்காமல் இருப்பது கணக்கின் வேலை, அது தானே நடக்கும். அட்டையில் உள்ள கட்டளையை வாசகனுக்குத் தெரிவிக்கட்டும், தெளிவாகவே தெரிவிக்கட்டும். அதற்குமேல் வாசகன் சார்பில் தானே கீழ்ப்படிவது அதன் வேலை இல்லை. கீழ்ப்படிகிற லைப்ரரியிடம் ஒழுக்கம் கூடுவதில்லை. வாசகனிடம் இருக்க வேண்டிய பொறுப்பு அவனுக்குத் தெரியாமல் பிடுங்கப்படுகிறது, அவ்வளவுதான். மீற முடியாதவன் மதித்தான் என்று எப்படிச் சொல்வது? இந்த வகையில் ஐடெக்ஸ்டின் சுவிட்ச் மற்றவற்றைவிட நேர்மையானது, பொறுப்பை ஒரு மனிதனின் கைக்குத் திருப்பித் தருகிறது. பெயர்தான் கோளாறு. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவைத்திருக்கிறது.

சொந்தப் பூட்டுகள் விஷயத்தில், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி நிற்கிற லைப்ரரி தப்பு செய்யவில்லை. ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஆதரவு தருகிற லைப்ரரி, அது எவ்வளவு சௌகரியமாக இருந்தாலும், வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டது. பூட்டுக்காரன் மறைந்து, விலை கொடுத்த வாசகன் கையில் சங்கேதம் மட்டும் மிஞ்சியிருக்கையில் அதை உடைப்பதைக் குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. நம் நாட்டுச் சட்டம் இதில் அமெரிக்கச் சட்டத்தைவிட நிதானம் உள்ளது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவனைத்தான் தண்டிக்கிறது. நோக்கம் என்ற சொல்லை அதில் போட்டவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கூடவே ஒரு குமாஸ்தாத்தனமும் இருக்கிறது. பூட்டை உடைக்க இன்னொருவருக்கு உதவுகிறவர் அந்த ஆளின் பெயர், விலாசம், நோக்கம் எல்லாவற்றையும் முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். அப்படியொரு பேரேட்டை யாராவது ஒழுங்காக எழுதிவந்தால், பிற்கால ஆராய்ச்சியாளனுக்கு நல்ல இலக்கிய வரலாறாக இருக்கும்.

நமக்கும் இதில் பங்குண்டு. பத்திரிகையைப் பி.டி.எஃப். ஆக்கும்போது பிரதியெடுக்கத் தடை என்ற கட்டத்தில், கட்டம் இருக்கிறதே என்பதற்காக டிக் போடுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். முந்நூறு பேர் படிப்பதே சந்தேகமான இதழை முந்நூற்றொன்றாவது ஆள் திருடிவிடுவான் என்று பயம். நண்பர் ஒருவர் தன் இதழை இப்படிப் பூட்டிவிட்டுப் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். கவிஞர் ஒருவரின் பெயரில் எழுத்துப் பிழை. திருத்த வழியில்லாமல் என்னிடம் கொண்டுவந்தார். க்யூபிடிஎஃப் ஒரு நொடியில் பூட்டைக் கழற்றிக் கொடுத்தது. அவருக்குச் சந்தோஷத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம். ‘அப்ப யாரு வேணாலும் இதப் பண்ணலாமா? இது திருட்டு இல்லையா?’ என்றார். யார் வேண்டுமானாலும் பண்ணலாம், உங்கள் வாசகர்கள் பண்ணாமல் இருப்பது அவர்கள் மரியாதை என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. பிழையைத் திருத்தினார், புதுப் பாஸ்வேர்ட் போட்டு மறுபடி பூட்டினார். மறந்துபோனால் இருக்கட்டும் என்று அந்தப் பாஸ்வேர்டை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.